பறக்கவிடும் புறாக்களை வல்லூறு, பைரியிடமிருந்து காப்பது எப்படி?

ஐப்பசி பிறந்ததும் புறா வளர்ப்பவர்களிடமிருந்து எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகள் கூடிவிடும். "சார், பத்து நாளில் நாலு புறா போயிருச்சு. கண் எதிரிலேயே அடிச்சுத் தூக்கிட்டுப் போகுது. ஏதாவது மருந்து இருக்கா?" என்று கேட்பார்கள். அவர்கள் மருந்து கேட்பது பருந்துக்கு. அது ஏன் கூடாது என்பதைப் பின்னால் சொல்கிறேன். வேட்டைப் பறவையின் குணத்தை நாம் மாற்ற முடியாது. ஆனால் புறாவை எப்போது, எந்த உடல்நிலையில், எவ்வளவு நேரம் வெளியே விடுகிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. இழப்பு கூடுவதும் குறைவதும் பெரும்பாலும் அதைப் பொறுத்ததுதான்.

ஒரு புறாவும் போகாமல் பறக்கவிட முடியுமா என்றால், முடியாது. அப்படி உறுதி சொல்லி யாராவது எதையாவது விற்க வந்தால் வாங்க வேண்டாம்.

எடுத்தது யார் என்று முதலில் பாருங்கள்

புறா காணாமல் போனாலே பழி பருந்து மேல் விழுகிறது. இரவில் போனால் அது பெரும்பாலும் பூனை அல்லது மரநாய். பகலில் கூண்டுக்குள் நுழைவது கீரி. முட்டையும் சின்னக் குஞ்சும் மட்டும் குறைந்தால் எலியையோ சாரைப்பாம்பையோ சந்தேகப்படுங்கள். பறந்து போனது திரும்பவில்லை என்றால் மின்கம்பியில் மோதியிருக்கலாம், பக்கத்து ஊர்க் கூட்டத்தோடு இறங்கியிருக்கலாம். பிரிட்டனில் பந்தயப் புறாக்கள் எப்படித் தொலைகின்றன என்று ஆராய்ந்தபோது, வழி தவறியவையும் கம்பி, கட்டடங்களில் மோதியவையும் சேர்ந்து வேட்டைப் பறவைகள் எடுத்ததைவிட அதிகம் என்று தெரிந்தது.

மிச்சம் கிடந்தால் கண்டுபிடிப்பது எளிது. வேட்டைப் பறவை இறகைப் பிடுங்கித்தான் தின்னும். இறகுகள் அடிக்காம்போடு முழுதாக ஒரே இடத்தில் வட்டமாகச் சிதறிக் கிடக்கும். பைரி தின்றிருந்தால் இரண்டு இறக்கையும் தோள் எலும்போடு சேர்ந்தபடி மிஞ்சும். நெஞ்செலும்பின் விளிம்பில் அலகால் கொத்திய வெட்டுகள் இருக்கும். பூனையும் கீரியும் இறகைக் கடித்துத் துண்டாக்கும். காம்பு நசுங்கி, எச்சில் பட்டு ஒட்டியிருக்கும், இழுத்துப்போன தடமும் தெரியும். இப்படி இருந்தால் வானத்தைப் பார்க்க வேண்டாம், கூண்டின் கதவைப் பாருங்கள்.

வல்லூறு வேறு, பைரி வேறு

பெயர்கள் ஊருக்கு ஊர் மாறும். ஒரு ஊரில் வல்லூறு என்பதை இன்னொரு ஊரில் வைரி என்பார்கள். தென்கோடியில் எல்லாமே 'பிராந்து'தான். ஆகவே பெயரை விட்டு உருவத்தைக் கவனியுங்கள்.

வல்லூறு ஏறக்குறைய புறா அளவுதான் இருக்கும். முதுகு சாம்பல் நிறம், மார்பில் செம்பழுப்பு நிறத்தில் நெருக்கமான குறுக்குக் கோடுகள், குட்டையான வட்ட இறக்கை, நீண்ட வால். ஆண்டு முழுவதும் நம் தோப்புகளிலேயே இருக்கிறது. வேம்பிலோ புளியிலோ இலைக்குள் மறைந்திருந்து, தாழப் பறந்து வந்து சட்டென்று பாயும். ஓணான், எலி, அணில், மைனா, வெட்டுக்கிளி இவைதான் அதன் அன்றாட இரை. வளர்ந்த புறாவைப் பிடிக்கும் வலு பெண் வல்லூறுக்குத்தான் உண்டு. அதுதான் ஆணைவிடப் பெரியது. அதனால் வல்லூறு தேடுவது பறக்கப் பழகும் குஞ்சையும், கூண்டின் மேல் அசந்து நிற்கும் புறாவையும், தனியாக மேயும் புறாவையும்தான். திடமான புறா ஒரு கணம் முன்னால் பார்த்துவிட்டால் மேலே ஏறித் தப்பிவிடும். மாசி, பங்குனியில் தொடங்கி ஆனி வரை அது கூடுகட்டிக் குஞ்சுக்கு இரை தேடும் காலம். பக்கத்துத் தோப்பில் கூடு இருந்தால் ஏறக்குறைய இரண்டு மாதம் தொல்லை இருக்கும். பிறகு தானாகக் குறையும்.

பைரி காகம் அளவு. இறக்கை நீண்டு கூர்மையாக இருக்கும். கண்ணுக்குக் கீழே மீசை வைத்ததுபோல ஒரு கருப்புப் பட்டை. இதில் நமக்கு இரண்டு வகை வருகிறது. ஒன்று வடக்கே குளிர்நாடுகளிலிருந்து ஐப்பசி வாக்கில் வந்து பங்குனி, சித்திரையில் திரும்புவது. இன்னொன்று வயிறு செந்நிறமாக இருக்கும் ஷாஹீன். மலைப் பாறைகளில் நிரந்தரமாகத் தங்குவது. பைரிக்கு மறைவு தேவையில்லை. உயரத்திலிருந்து இறக்கையை மடக்கிக்கொண்டு மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் விழும். அந்தப் பாய்ச்சலுக்குமுன் திறந்த வானத்தில் எந்தப் புறாவும் வேகத்தால் தப்புவதில்லை. கூட்டமாக இறுகித் திரும்பித் திரும்பிப் பறந்தோ, கீழே வந்து கூரைக்குள் நுழைந்தோதான் தப்புகிறது.

இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மனதில் வைத்தால் மீதி எல்லாம் புரியும். வல்லூறிடமிருந்து தப்ப புறாவுக்குத் திறந்தவெளியும் உயரமும் வேண்டும். பைரியிடமிருந்து தப்ப உடனே இறங்கி நுழைய ஒரு இடம் வேண்டும். எது வருகிறது என்று தெரியாமல் செய்யும் ஏற்பாடு பாதி வீண்.

மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்கு ராஜாளித் தொல்லையும் உண்டு. பெரிய பறவை, பெரும்பாலும் சோடியாக வரும். ஒன்று கலைக்க, மற்றொன்று அடிக்கும்.

வீட்டுக் கூரைக்கு மேல் வட்டமிடும் கரும்பருந்தும், வெள்ளைத் தலையோடு சிவந்த உடம்புள்ள கருடனும் ஆரோக்கியமான புறாவைத் துரத்திப் பிடிப்பவை அல்ல. தரையில் கிடக்கும் குஞ்சையும் செத்ததையும் எடுக்கும், அவ்வளவுதான். வயலுக்கு மேல் ஒரே இடத்தில் இறக்கையடித்து நிற்கும் சின்ன வெள்ளைப் பருந்து எலி பிடிக்க வந்தது. கூகையும் அப்படித்தான். இவற்றை விரட்டினால் நட்டம் நமக்கே.

விடும் முறையில்தான் பாதி காவல்

நான் பார்த்த வரையில் பெரும்பாலான இழப்புக்குக் காரணம் கடிகாரம். காலை ஆறரைக்குக் கதவு திறக்கும், மாலை நாலரைக்கு மறுபடி திறக்கும், வருடக்கணக்காக இதே வழக்கம். புறா பழகுவதுபோல வல்லூறும் பழகும். இரண்டு நாள் இரை கிடைத்த இடத்துக்கு மூன்றாம் நாள் அதே நேரத்தில் வந்து உட்கார்ந்திருக்கும். ஆகவே நேரத்தை மாற்றிக்கொண்டே இருங்கள். இன்று ஏழு, நாளை ஒன்பது, மறுநாள் விடுப்பு. விடியலும் அந்தியும் வேட்டைப் பறவைகள் இரை தேடும் நேரம். பைரி வரும் மாதங்களில் வெயில் ஏறிய பிறகு விடுவது நல்லது. பனிமூட்டத்திலும் மழை மேகம் தாழ்ந்திருக்கும்போதும் விடவே வேண்டாம்.

கதவைத் திறப்பதற்குமுன் ஐந்து நிமிடம் சுற்றிப் பாருங்கள். செல்போன் கோபுரம், உயர் மின்கோபுரம், கோயில் கோபுரம், பட்டுப்போன தென்னை, இந்த நான்கும்தான் பைரி விரும்பி உட்காரும் இடங்கள். காகங்கள் ஒரே மரத்தைச் சுற்றிக் கத்தினால், அணில் விடாமல் கீச்சிட்டால், அங்கே ஏதோ இருக்கிறது. அன்று கதவு மூடியே இருக்கட்டும்.

புறாவை வயிறு நிறையத் தீனி போட்டு விடாதீர்கள். இரைப்பை நிறைந்த புறா கனத்துப் பறக்கும், கூப்பிட்டாலும் இறங்காது. ஒரு புறாவுக்கு நாளொன்றுக்கு 30 முதல் 35 கிராம் தானியம் போதும். கம்பு, சோளம், உடைத்த மக்காச்சோளம், பச்சைப்பயறு எதுவாக இருந்தாலும் பெரும்பகுதியைப் பறந்து இறங்கிய பிறகே கொடுங்கள். தீனி டப்பாவைத் தட்டும் ஓசைக்கோ சீழ்க்கைக்கோ உடனே இறங்கி உள்ளே போகும்படி குஞ்சிலிருந்தே பழக்குங்கள். வானத்தில் ஒரு நிழலைப் பார்த்ததும் நீங்கள் சீழ்க்கை அடித்தால், இரண்டு நிமிடத்தில் எல்லாப் புறாவும் கூண்டுக்குள் இருக்க வேண்டும். அவ்வளவு கட்டுப்பாடு வந்தால் உங்கள் இழப்பு வெகுவாகக் குறையும்.

இறங்கிய புறாக்களைக் கூரை மேல் உலவவிடுவது பலருக்குப் பெருமை. வல்லூறு அதிகம் எடுப்பது அந்த நேரத்தில்தான். பறப்பதற்கு வெளியே, உட்காருவதற்கு உள்ளே என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தனிப் புறாவை விடாதீர்கள். கூட்டத்தில் ஒன்றைக் குறிவைப்பது வேட்டைப் பறவைக்குச் சிரமம். பிரிந்து போவதையே அது பிடிக்கும். நீலப் புறாக்கள் நடுவே ஒரே ஒரு வெள்ளைப் புறா இருந்தால் அதுதான் முதலில் கண்ணில் படும். கர்ணப்புறா வைத்திருப்பவர்களுக்கு இதில் கூடுதல் சிக்கல் இருக்கிறது. பல்டி அடிக்கும் புறா கூட்டத்தை விட்டுக் கீழே விழுகிறது. பைரியின் கண்ணுக்கு அது அடிபட்ட புறா. கார்த்திகை முதல் மாசி வரை கர்ணப்புறாக்களைக் குறைந்த நேரம், குறைந்த உயரத்தில் பறக்கவிடுவதோ, அறவே நிறுத்துவதோ உங்கள் விருப்பம். நானாக இருந்தால் நிறுத்துவேன்.

நிறத்தைப் பற்றி ஒரு செய்தி. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் டேவிஸ் நகரப் பகுதியில் பைரிகள் புறாக்களைத் தாக்குவதை ஏழு ஆண்டுகள் கவனித்து, 2005-ல் நேச்சர் இதழில் எழுதினார்கள். இடுப்புக்கு மேல், வாலுக்கு முன்னால் வெள்ளைத் திட்டு உள்ள நீலப் புறாக்கள் அங்கிருந்த கூட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் பைரி பிடித்தவற்றில் அவை 100-க்கு 2 மட்டுமே. அந்த வெள்ளை இறகை வேறு நிறப் புறாக்களுக்கு மாற்றி ஒட்டியபோது, தப்பிக்கும் திறனும் அவற்றுக்கு மாறியது. புறா சட்டென்று உருண்டு திரும்பும்போது வெள்ளைத் திட்டு பைரியின் கண்ணை ஏமாற்றுகிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். இதற்காக யாரும் புறாவுக்குச் சாயம் பூச வேண்டாம். இனப்பெருக்கத்துக்குச் சோடி சேர்க்கும்போது, அந்த வெள்ளைத் திட்டுள்ள சாயலைக் கழித்துக்கட்ட அவசரப்பட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

முட்டையிடும் தறுவாயில் உள்ள பெட்டை, இறகு உதிர்க்கும் புறா, சளி அல்லது கழிச்சல் உள்ள புறா, கழுத்து திருகும் புறா எதுவும் வெளியே போகக் கூடாது. வேட்டைப் பறவை நம்மைவிட முன்னதாக நோயைக் கண்டுபிடிக்கும். வெள்ளைக் கழிச்சலுக்கான தடுப்பூசி, குடற்புழு நீக்கம் இரண்டையும் உங்கள் பகுதிக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு ஒழுங்காகச் செய்துவிடுங்கள். இதுவும் பருந்துக் காவல்தான்.

குஞ்சுகளை அவசரப்பட்டு விடுவதால் போகிறவை அதிகம். ஒரு மாத வயதில் கூட்டை விட்டு இறங்கும் குஞ்சை, கூரை மேல் வைத்த கம்பிவலைக் கூண்டில் ஒரு வாரம், பத்து நாள் வையுங்கள். சுற்றுப்புறம் பழகும். காகம் எது, வல்லூறு எது என்று பெரிய புறாக்கள் பதறுவதைப் பார்த்தே கற்றுக்கொள்ளும். பிறகு பசியோடு, அனுபவமுள்ள நாலைந்து புறாக்களோடு சேர்த்து விடுங்கள்.

கூண்டிலேயே பிறந்து வளர்ந்த வெள்ளை வளையப்புறா, டைமண்ட் டவ் போன்றவற்றுக்கு வானமே பழக்கமில்லை. அவற்றைத் திறந்து விடுவது பறக்கவிடுவது ஆகாது, இரையாக்குவதுதான். திருமணம், திறப்பு விழாக்களுக்கு வெள்ளைப் புறா விடுவதாக இருந்தால், வீடு திரும்பப் பழக்கிய புறாவை மட்டுமே விடுங்கள். நம் வயலில் திரியும் புள்ளிப்புறா, தவிட்டுப்புறா போன்ற காட்டுப் புறாக்களைப் பிடித்து வளர்ப்பதைச் சட்டம் அனுமதிப்பதில்லை.

வல்லூறு விடாமல் வந்துகொண்டிருந்தால்

தொடர்ந்து இரண்டு நாள் தாக்குதல் நடந்தால் கதவை மூடிவிடுங்கள். பத்து நாள், இரண்டு வாரம் புறாவை வலைக்கூண்டுக்குள்ளேயே வைத்துத் தீனி போடுங்கள். இரை கிடைக்காத இடத்தில் வேட்டைப் பறவை காத்திருக்காது. வலசை வந்த பைரி இடம் மாறிவிடும். கூடுகட்டிய வல்லூறு மாறாது. குஞ்சு பறக்கும் வரை புறா விடும் நாட்களைக் குறைத்துக்கொள்வதே வழி. பந்தயத்துக்குப் பழக்குகிறவர்களுக்கு இது கசக்கும். ஆனால் அந்த இரண்டு வாரப் பிடிவாதத்தில் நல்ல புறாக்களை இழந்துவிட்டு வருத்தப்பட்டவர்கள் பலரை நான் அறிவேன்.

கூண்டும் சுற்றுப்புறமும்

கூண்டைப் பெரிய மரத்தின் கிளைக்குக் கீழே அமைக்காதீர்கள். வல்லூறு உட்கார்ந்து பாயும் தூரத்தில் மரக்கிளை இருந்தால், மரத்தை வெட்ட வேண்டாம், கூண்டுப் பக்கம் நீளும் கிளையைக் கழியுங்கள். அதே சமயம் பைரி விரட்டும்போது புறா நேராக உள்ளே பாய வசதியாக வாசல் அகலமாக, இறங்கும் பலகை நீளமாக இருக்க வேண்டும். உள்ளே தள்ளினால் திறந்து, வெளியே தள்ளினால் திறக்காத கம்பிக் கதவு பொருத்தினால் ஒரே நேரத்தில் பல புறாக்கள் நுழையும். ஒரு புறா மட்டும் நுழையும் ஓட்டையின் முன்னால் பத்து புறா வரிசை நிற்பது ஆபத்து.

வலைக்கு அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் நல்லது. எலி, கீரி, பெரும்பாலான பாம்புகள் எல்லாவற்றையும் தடுக்கும். கோழிவலை மலிவு என்று வாங்கினால் மரநாய் ஒரே இரவில் பிய்த்துவிடும். மேற்புறத்தில் நைலான் வலை போட்டால் விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். தொய்வான வலையில் புறாவும் சிக்கும், வல்லூறும் சிக்கும்.

விரட்டும் பொருட்களைப் பற்றி என் சொந்த அனுபவம் ஒன்று. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் இளம் விவசாயியிடம் ஆந்தைப் பொம்மை வாங்கிக் கூரையில் வைக்கச் சொன்னேன். ஒரு வாரம் நன்றாக இருந்தது என்று மகிழ்ச்சியோடு சொன்னார். மூன்றாம் வாரம் வல்லூறு அந்தப் பொம்மையின் தலையிலேயே உட்கார்ந்து கூண்டைப் பார்த்துக்கொண்டிருந்த படத்தை எடுத்துக் காட்டினார். அதற்குப் பிறகு யாருக்கும் பொம்மை வாங்கச் சொல்வதில்லை. மின்னும் நாடா, பழைய சிடி தட்டுகள் சில நாட்களுக்கு உதவும். மூன்று, நான்கு நாளுக்கு ஒருமுறை இடம் மாற்றினால் இன்னும் சில நாள் பயன்படும். வெடி வெடித்தால் முதலில் கலைவது உங்கள் புறாதான்.

பொம்மையைவிட நல்ல காவலர்கள் உயிரோடு இருக்கிறார்கள். இரட்டைவால் குருவி எனப்படும் கரிச்சான், தன் கூட்டுப் பக்கம் எந்தப் பருந்து வந்தாலும் முதுகில் கொத்தி ஊர் எல்லை வரை துரத்தும். பயறு, பருத்தி வயலில் புழுவுக்காகப் பறவை தாங்கி நடுகிறோமே, அதேபோல இரண்டு தாங்கியைக் கூண்டுக்குச் சற்றுத் தள்ளி நடுங்கள். கரிச்சான் வந்து உட்காரும். (வல்லூறின் குரலை அப்படியே பேசி மைனாவை ஏமாற்றும் கள்ளத்தனமும் அதற்கு உண்டு. குரலை மட்டும் கேட்டு நீங்கள் ஏமாற வேண்டாம்.) கின்னிக்கோழி நாலு வளர்த்தால், வானத்தில் நிழல் தெரிந்ததுமே ஊரைக் கூட்டிவிடும்.

விஷம் வேண்டாம்

இப்போது அந்த மருந்துக்கு வருகிறேன். செத்த புறாவின் மேல் குருணை மருந்தைத் தூவிக் கூரையில் வைக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. பைரி தானே அடித்த இரையைத்தான் தின்னும், கிடக்கும் பிணத்தைத் தொடுவது அரிது. அதைத் தின்பது கரும்பருந்தும் காகமும் தெருநாயும் உங்கள் வீட்டு நாயும். தூவிய குருணையைக் கொத்துவது உங்கள் புறாவும் கோழியும் மயிலும். ஒருமுறை இப்படி வைத்த இடத்தைப் போய்ப் பார்த்தேன். நாய் ஒன்றும் காகங்களும் செத்துக் கிடந்தன. புறாவை எடுத்த வல்லூறு அடுத்த நாளும் அதே வேப்பமரத்தில் இருந்தது. அந்த வீட்டில் தவழும் குழந்தை ஒன்று இருந்ததை இப்போதும் நினைத்தால் எனக்குப் பதறுகிறது.

பைரி, மயில் இரண்டும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. கொன்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. மற்ற வேட்டைப் பறவைகளும் அதே சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளன. கண்ணி வைப்பது, உண்டிவில்லால் அடிப்பது, கூட்டைக் கலைப்பது எல்லாம் குற்றம். சட்டத்தை விட்டாலும் கணக்குப் பாருங்கள். ஒரு வல்லூறைக் கொன்றால் அந்த இடம் காலியாக இருக்காது, அடுத்தது வந்து உட்காரும். நடுவில் உள்ள மாதங்களில் எலிக்குக் கொண்டாட்டம்.

கூண்டுக்குள் வல்லூறு மாட்டிக்கொண்டால் கையால் பிடிக்காதீர்கள், நகம் ஆழமாக ஏறும். புறாக்களை வேறு பக்கம் ஒதுக்கி, வெளிச்சம் வரும் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டு விலகி நில்லுங்கள். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

தப்பி வந்த புறாவுக்கு

காயத்தோடு இறங்கிய புறாவை உடனே இருட்டான, கதகதப்பான அட்டைப்பெட்டியில் வையுங்கள். பயத்திலேயே சாகும் புறாக்கள் உண்டு. அரை மணி நேரம் தொடாமல் விடுவதே முதல் சிகிச்சை. பிறகு காயத்தைச் சுற்றியுள்ள இறகை விலக்கி, கொதித்து ஆறிய உப்புநீரால் கழுவி, போவிடோன் அயோடின் தடவுங்கள். நகம் குத்திய ஓட்டை மேலே சிறிதாகத் தெரியும், உள்ளே ஆழமாக இருக்கும். அதில் மஞ்சள், சுண்ணாம்பு, சாம்பல் வைத்து அடைத்தால் உள்ளே சீழ் கட்டும். குடித்த தண்ணீர் கழுத்தடியில் கசிந்தால் இரைப்பை கிழிந்திருக்கிறது; தையல் போட வேண்டும், அன்றே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். தோலுக்கடியில் காற்று உப்பியிருந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வால் இறகு முழுதாகப் பிடுங்கப்பட்டு வந்தால் பயப்பட வேண்டாம், ஆறு முதல் எட்டு வாரத்தில் புதிதாக முளைக்கும். பாதியில் ஒடிந்த இறகு அப்படியல்ல. அடுத்த உதிர்ப்பு வரை அப்படியே இருக்கும். எதுவானாலும் இறகு முழுதாக வளர்ந்து, கூண்டுக்குள் தடுமாறாமல் பறப்பதைப் பார்க்கும் வரை அந்தப் புறாவை வெளியே விடாதீர்கள். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எந்தப் பக்கத்திலிருந்து தாக்குதல் வந்தது என்பதை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ஒரு ஐப்பசி முதல் பங்குனி வரை எழுதினாலே உங்கள் ஊருக்கான ஆபத்து நேரம் எது என்று தெரிந்துவிடும். அடுத்த முறை என்னை அழைக்கும்போது அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.